கடல் கொண்டோர் கணக்கு

கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஒருவர் வாளா அமர்ந்திருக்கக் கண்டால், “என்ன, கப்பல் கவிழ்ந்துவிட்டதா?” என்று கேட்பது நம் தமிழ்நாட்டு வழக்கம். கப்பல் கவிழ்வதைக் காட்டிலும் பெரிய இழப்பு மனிதனுக்கு இல்லை என்று எண்ணிய காலத்தில் பிறந்த பேச்சு இது. ஆனால் இதனைச் சற்று உற்று நோக்குவோம். கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பவர் யார்? கரையில் இருக்கும் கப்பல் முதலாளி. அவர் இழந்தது சரக்கு; பணம். கவிழ்ந்த கப்பலுக்குள் இருந்தார்களே மாலுமிகள், அவர்களைப் பற்றி இந்தப் பேச்சில் ஒரு சொல்லும் இல்லை. கடற்படைகளின் வரலாற்றையும், போர்க்காலத்தில் அவற்றோடு சேர்ந்து உழைத்த கப்பல்களின் வரலாற்றையும் படிக்கும்போது இக்குறையே திரும்பத் திரும்ப நம் கண்ணில் படுகிறது. கப்பலின் பெயர் தெரிகிறது. பீரங்கிகளின் எண்ணிக்கை தெரிகிறது. தளபதியின் பெயரும் தெரிகிறது. உடன் மூழ்கியவர்கள் வெறும் எண்ணாகவே நிற்கிறார்கள். அந்த எண்ணும் சில வேளைகளில் கிடைப்பதில்லை.

இக்கருத்தை விளக்குவதற்கு ஏற்ற இடம் ஒன்று உண்டு. இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா நகரத்தில், ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்திருக்கும் கிடர்பூர்தான் அது. கிடர்பூருக்கு வடக்கே ஆதிகங்கை என்னும் பழைய ஓடை ஓடி ஹூக்ளியில் கலக்கிறது. டாலி நாலா என்றும் அதற்குப் பெயர். அந்த ஓடையின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் ஹேஸ்டிங்ஸ் என்னும் பகுதி வரும். அங்கே, பெரிய மைதானத்தின் தென்கோடியில், நேப்பியர் சாலையை ஒட்டி உயர்ந்த நினைவுத் தூண் ஒன்று நிற்கிறது. அதன் நான்கு பக்கங்களிலும் பழங்காலக் கப்பலின் முகப்பைப் போன்ற அமைப்புகள் நீண்டிருக்கின்றன. அலைகளைக் குறிக்கும் வளைகோடுகள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. உச்சியில் சிறு மாடங்களும் ஒரு கவிகையும் உள்ளன. வில்லியம் கெயர் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த இத்தூணை, 1924-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் வங்காள கவர்னர் லிட்டன் பிரபு திறந்து வைத்தார். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் உயிர்நீத்த 896 லாஸ்கர்களின் நினைவாக எழுந்தது இது. 896 என்னும் எண் அங்கே இருக்கிறது. அந்த 896 பேரின் பெயர்கள் கல்லில் இல்லை.

‘லாஸ்கர்’ என்னும் சொல் நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பகுதியில் ஆற்று மதகுகளைத் திறந்து மூடும் பொதுப்பணித் துறை ஊழியரை ‘லஸ்கர்’ என்றே மக்கள் அழைப்பார்கள். சேனை என்று பொருள்படும் ‘லஷ்கர்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது அது. ஐரோப்பியக் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளுக்கு இதுவே பொதுப் பெயராயிற்று. அவர்களுடைய தலைவன் சாரங்கு. அவனுக்கு அடுத்தவன் தண்டல். இச்சொற்களும் நம் கடற்கரை ஊர்களில் வழங்குபவையே. ஆகவே வங்காளத்துக் கரையில் நிற்கும் அத்தூண் நமக்கு அயலானதன்று.

முதலில் கிடர்பூரின் பழைய வரலாற்றைச் சிறிது காண்போம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கர்னல் ஹென்றி வாட்ஸன் என்பவர் இங்கே கப்பல் கட்டும் துறை ஒன்றை நிறுவினார். அருகிலுள்ள வாட்கஞ்சு என்னும் பகுதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1781-ஆம் ஆண்டு அவருடைய துறையிலிருந்து ‘நான்சச்’ என்னும் கப்பல் நீரில் இறங்கியது. பின்னர் ஜேம்ஸ் கிட், ராபர்ட் கிட் என்னும் சகோதரர்கள் இங்கே கப்பல் கட்டினார்கள். அவர்களுடைய தந்தை ஆங்கிலப் படைத் தலைவர். தாய் இந்தியப் பெண். 74 பீரங்கிகளைத் தாங்கிய ‘ஹேஸ்டிங்ஸ்’ என்னும் பெரிய போர்க்கப்பல் அவர்கள் துறையிலேயே உருவாகிப் பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்தது. 1823-ஆம் ஆண்டு ஜூலையில் ‘டயானா’ என்னும் நீராவிக் கப்பலும் கிடர்பூரில் கட்டி இறக்கப்பட்டது. மறு ஆண்டே அது பர்மாப் போருக்குச் சென்றது. இவ்வாறு கிடர்பூர் உலகக் கடல்களுக்குக் கப்பல்களை அனுப்பிற்று. அவற்றை ஓட்டும் ஆட்களையும் அனுப்பிற்று. அவ்வாறு சென்றவர்கள் எந்தெந்த வழியில் மாண்டார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கடற்படைச் சேவையில் நேர்ந்த சாவுகளை எண்ணிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். பாய்மரக் காலத்தில் எதிரியின் குண்டுக்கு இரையானவர்களைவிடப் புயலுக்கும் நோய்க்கும் இரையானவர்களே மிகுதி. புயலின் கொடுமைக்கு நம் சோழமண்டலக் கரையே சான்று. இக்கரையில் பெரிய மரக்கலங்கள் ஒதுங்கிக்கொள்ள இயற்கைத் துறைமுகம் இல்லை. சென்னையானாலும் கடலூரானாலும் புதுச்சேரியானாலும், அக்காலத்துக் கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க வேண்டும். கீழ்க்காற்று மூண்டுவிட்டால் ஒன்று நங்கூரம் அறும். அல்லது கப்பல் நின்ற இடத்திலேயே மூழ்கும்.

1749-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டைக்கு எதிரே இதுவே நடந்தது. ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் அப்பொழுது கரையில் இருந்தார். அவருடைய கொடிக் கப்பலாகிய ‘நமூர்’ கடலில் நின்றது. ஒரே இரவில் புயல் அதனை விழுங்கிற்று. சுமார் 520 பேர் மாண்டார்கள். ‘பெம்புரோக்’ என்னும் மற்றொரு போர்க்கப்பலும் அப்புயலில் உடைந்து, அதிலிருந்தோருள் பெரும்பாலோர் இறந்தனர்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1761-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பற்படையைப் பெரும்புயல் தாக்கிற்று. அக்காலத்துக் கடற்படைத் தலைவர்கள் ஐப்பசி மழை தொடங்கும் முன்னரே இக்கரையை விட்டு நீங்கி, பம்பாய்க்கோ திருகோணமலைக்கோ சென்றுவிடுவது வழக்கம். முற்றுகையைக் கைவிடலாகாது என்ற எண்ணத்தால் இம்முறை கப்பல்கள் இங்கேயே நின்றன. ‘டியூக் டாக்விட்டேன்’, ‘சண்டர்லாண்ட்’ முதலியவை கடலுக்குள் அமிழ்ந்தன. வேறு சில கரையில் மோதிச் சிதைந்தன. மூழ்கிய கப்பல்களில் இறந்த ஐரோப்பியர் சுமார் 1,100 பேர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மறுநாள் உடைந்த மரத்துண்டுகளைப் பற்றியவாறு மிதந்தவர்களுள் பிழைத்தோர், ஏழு ஐரோப்பியரும் ஏழு லாஸ்கர்களும்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். ஏழு லாஸ்கர்கள் பிழைத்தார்கள் என்றால், அக்கப்பல்களில் மேலும் பலர் இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஆயிரத்து நூறு ஐரோப்பியர் என்று எண்ணிச் சொன்னவர்கள், அவர்களோடு மூழ்கிய லாஸ்கர்கள் எத்தனை பேர் என்று சொல்லவில்லை. உயிரோடு வந்தவர்கள் கணக்கில் ஏறினார்கள், மாண்டவர்கள் ஏறவில்லை. புதுச்சேரியோ அம்மாதமே ஆங்கிலேயர் வசமாயிற்று. வெற்றிச் செய்தி பரவிய வேகத்தில் புயலின் கணக்கை மீண்டும் எடுத்துப் பார்க்க எவருக்கும் நேரமில்லை போலும்.

ஆயினும் இத்தகைய இழப்புகள் முற்றிலும் வீணாகிவிடவில்லை. புயலின் இயல்பைக் கண்டறியும் முயற்சிக்கு அவையே தூண்டுகோலாயின. அம்முயற்சி கல்கத்தாவில் சிறப்பாக நடந்தது. கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்துறை விசாரணை மன்றம் அந்நகரில் இருந்தது. அதன் தலைவராக இருந்தவர் ஹென்றி பிடிங்டன். புயலில் சிக்கித் திரும்பிய மாலுமிகளின் வாக்குமூலங்களையும், கப்பல்களின் நாட்குறிப்புகளையும் அவர் ஆண்டுக்கணக்காகத் திரட்டினார். எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து காற்று வீசியது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தார். வங்காள விரிகுடாப் புயல்கள் நேராக வீசுவன அல்ல, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்வன என்பதை உறுதி செய்தார். 1848-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு அதற்குச் ‘சைக்ளோன்’ என்று பெயரிட்டார். இன்று உலகம் முழுவதும் வழங்கும் அச்சொல் கல்கத்தாவில் பிறந்தது. காற்றின் திசையைக் கவனித்தால் புயலின் மையம் எப்பக்கம் இருக்கிறது என்று அறிந்து, கப்பலை விலக்கிச் செலுத்தலாம் என்பதை மாலுமிகளுக்கு அவர் எளிய முறையில் கற்பித்தார்.

பிடிங்டன் 1858-இல் காலமானார். ஆறாண்டுகளுக்குப் பின், 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், கல்கத்தாவையே பெரும்புயல் தாக்கிற்று. ஹூக்ளி ஆற்றில் கடல்நீர் மலைபோல் ஏறி வந்தது. அன்று துறைமுகத்தில் இருந்த கப்பல்கள் 195. அவற்றுள் 36 அடியோடு அழிந்தன, 97 பெருஞ்சேதமுற்றன, 39 சிறுசேதமுற்றன, பழுதின்றித் தப்பியவை 23 மட்டுமே. ஆற்றின் இருகரைகளிலும் மாண்ட மக்கள் பல்லாயிரவர். இதன் பின்னரே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு தொடங்கிற்று. 1875-ஆம் ஆண்டு இந்திய வானிலைத் துறையும் நிறுவப்பட்டது. ஓடும் ஆற்றில் நங்கூரமிட்டு நிற்பதைவிட, மதகு வைத்த அடைப்புக்குள் கப்பல்களை நிறுத்துவது பாதுகாப்பானது என்ற கருத்தும் வலுத்தது. 1892-ஆம் ஆண்டு கிடர்பூரில் அடைப்புத் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று நாம் வானொலியில் கேட்கும் ஒவ்வொரு புயல் எச்சரிக்கைக்குப் பின்னாலும், மூழ்கிய மாலுமிகள் பலர் மறைந்து நிற்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

புயலை மட்டும் குறை கூறுவதற்கில்லை. மனிதனுடைய பிழையும் பிடிவாதமும் அழித்த கப்பல்கள் பல. 1807-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் ‘பிளென்ஹைம்’ என்னும் போர்க்கப்பல் சென்னையிலிருந்து நன்னம்பிக்கை முனை நோக்கிப் புறப்பட்டது. தளபதி தாமஸ் டிரௌபிரிட்ஜ் அதில் இருந்தார். கப்பலோ பழையது, முன்னர் தரைதட்டிப் பழுதுற்றது. அதன் நிலையைக் குறித்து எச்சரிக்கைகள் இருந்தும் அவர் பயணத்தை நிறுத்தவில்லை. ‘ஜாவா’ என்னும் கப்பலும் ‘ஹாரியர்’ என்னும் சிறு கப்பலும் உடன் சென்றன. பிப்ரவரி முதல் நாள் ரொட்ரிகுவெஸ் தீவுக்கருகே சூறாவளியில் ‘பிளென்ஹைம்’, ‘ஜாவா’ இரண்டும் ‘ஹாரியர்’ கப்பலின் கண்ணுக்கு மறைந்தன. பிறகு அவற்றைக் கண்டவர் எவரும் இல்லை. ஒருவரும் உயிர் தப்பவும் இல்லை.

நீராவியும் இரும்பும் வந்த பிறகும் நிலை முற்றிலும் மாறிவிடவில்லை. 1893-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், அமைதியான கடலில், நல்ல பகல் வெளிச்சத்தில், லெபனான் நாட்டுத் திரிபோலி நகருக்கு எதிரே ‘விக்டோரியா’ என்னும் ஆங்கிலக் கொடிக் கப்பல் மூழ்கிற்று. இரண்டு வரிசையாகச் சென்ற கப்பல்களை ஒன்றை நோக்கி ஒன்று திரும்பும்படி தளபதி டிரையன் ஆணையிட்டார். இடையிலிருந்த தூரம் 1,200 கஜம். திரும்புவதற்கு அது போதாது. அதனை உணர்ந்த அதிகாரிகள் தயங்கினார்கள்; ஆயினும் தளபதியின் சொல்லை மறுக்கத் துணியவில்லை. ‘காம்பர்டௌன்’ என்னும் தோழமைக் கப்பலே ‘விக்டோரியா’வின் வயிற்றைப் பிளந்தது. தளபதி உட்பட 358 பேர் இறந்தனர். பகைவன் ஒருவனும் இல்லாத கடலில், ஒரு வாய்ச்சொல் விளைத்த அழிவு அது. கீழ்ப்படிதல் படைக்கு உயிர்நாடி என்பது உண்மை. ஆனால் ஆணை தவறு என்று கண்டவன் வாய் திறப்பதற்கும் இடம் வேண்டும் என்ற பாடத்தை அந்நிகழ்ச்சி கடற்படைகளுக்குக் கற்பித்தது.

இனி, கிடர்பூரின் தூண் நினைவூட்டும் போருக்கு வருவோம். முதல் உலகப் போர் மூண்டபோது, கல்கத்தா லாஸ்கர்களின் பெருஞ்சந்தையாக இருந்தது. சில்ஹெட், சிட்டகாங், நவகாளி முதலிய மாவட்டங்களிலிருந்து உழவர் வீட்டு இளைஞர்கள் கிடர்பூருக்கு வந்து சேர்வார்கள். விடுதிக்காரர்கள் அவர்களுக்குக் கடனுக்குச் சோறும் இடமும் கொடுப்பார்கள். சாரங்கின் தயவு கிட்டினால் கப்பலில் வேலை கிடைக்கும். ஊதியம் ஐரோப்பிய மாலுமி பெறுவதில் ஒரு சிறு பங்கே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கப்பலில் ஐரோப்பிய மாலுமி ஒருவன் படுத்துறங்கச் சட்டம் வகுத்த இடம் 72 கன அடி. லாஸ்கருக்கு 36 கன அடி.

அவர்களிற் பலருக்கு இயந்திர அறையிலும் கொதிகலன் அறையிலும் வேலை. கரியை அள்ளி உலையிலிடுபவனை ‘ஆக்வாலா’ என்பார்கள். நெருப்புக்காரன் என்று பொருள். அந்த அறைகள் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ளவை. நீர்மூழ்கிக் கப்பலின் டார்ப்பிடோ பாய்வதும் நீர்மட்டத்துக்குக் கீழேதான். டார்ப்பிடோ அங்கே வெடித்தால் கடல்நீர் உள்ளே புகும், கொதிகலன் வெடிக்கும், செங்குத்தான இரும்பு ஏணி ஒன்றே மேலே செல்லும் வழி. அந்நேரத்தில் அங்கே முறைவேலையில் இருப்பவன் தப்புவது அரிது. மேல்தளத்தில் இருப்பவன் படகை நோக்கி ஓடலாம். கீழே இருப்பவனுக்கு என்ன நேர்ந்தது என்பதே தெரியாது.

இவர்கள் போர்வீரர்களா என்று சிலர் கேட்கலாம். பலர் சரக்குக் கப்பல்களில் இருந்தவர்களே. ஆனால் போர்க்காலத்தில் அக்கப்பல்கள் படைகளையும் தானியத்தையும் வெடிமருந்தையும் சுமந்து, கடற்படையின் ஆணைக்குட்பட்டு ஓடின. வேறு சிலர் இந்திய அரசாங்கத்தின் கடற்படையாக விளங்கிய ராயல் இந்தியன் மரைனில் பணியாற்றினார்கள். மெஸப்பொட்டேமியாப் போருக்காக வங்காளத்து ஆற்று நீராவிப் படகுகள் பல டைகிரிஸ் ஆற்றுக்கு அனுப்பப்பட்டன. ஆழமற்ற ஆற்றில் ஓடுவதற்கென அடிப்பாகம் தட்டையாகக் கட்டப்பட்ட அப்படகுகள் பெருங்கடலைத் தாங்க மாட்டாதவை. அவற்றுட் சில போகும் வழியிலேயே மூழ்கின. முதல் உலகப் போரில் கடலில் மாண்ட இந்திய மாலுமிகள் 3,427 பேர், சிறைப்பட்டோர் சுமார் 1,200 பேர் என்பது பிரிட்டிஷ் கணக்கு. கிடர்பூர் அருகே நிற்கும் தூண் குறிப்பிடும் 896 பேர் அவர்களுள் ஒரு பகுதியினர். வங்காளம், அசாம், வட இந்தியா ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள்.

இரண்டாம் உலகப் போரில் சாவு கிடர்பூரையே தேடி வந்தது. 1943-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் பட்டப்பகலில் கிடர்பூர்த் துறைமுகத்தின்மீது குண்டு வீசின. இறந்தவர்களுள் பெரும்பாலோர் துறைமுகத் தொழிலாளர்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்னும் கப்பல் வெடித்தது. அங்கே பகைவன் குண்டு வீசவில்லை. சுமார் 1,400 டன் வெடிபொருளையும் பஞ்சுப் பொதிகளையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்ததே காரணம். பஞ்சில் பற்றிய தீ வெடிமருந்தை எட்டிற்று. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். தீயை அணைக்கச் சென்று திரும்பாத வீரர்கள் 66 பேர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஆம் நாள் நம் நாட்டில் தீயணைப்புச் சேவை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நாடு விடுதலை பெற்றது. கிடர்பூரை அடுத்த கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தை இந்திய அரசு 1960-இல் ஏற்றுக்கொண்டது. சுதந்தர இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பலாகிய ‘அஜய்’ 1961-இல் அங்கிருந்து கடற்படையைச் சேர்ந்தது. ஆனால் கடலில் ஆபத்து நீங்கிவிடவில்லை. 1971-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில், ‘குக்ரி’ என்னும் நம் போர்க்கப்பலைப் பாகிஸ்தானிய நீர்மூழ்கி ‘ஹாங்கோர்’ தாக்கி மூழ்கடித்தது. அதிகாரிகள் 18 பேரும் மாலுமிகள் 176 பேரும் அதனோடு மாண்டார்கள். காப்டன் மகேந்திரநாத் முல்லா பிறரைத் தப்பச் செய்துவிட்டு, தாம் கப்பலை விட்டு நீங்காமல் உயிர் துறந்தார். அவருக்கு மகாவீர சக்கரம் வழங்கப்பட்டது.

போர் இல்லாத நாட்களிலும் கடற்படையினர் உயிர் கொடுக்கிறார்கள். 1990-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ‘அந்தமான்’ என்னும் கப்பல் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் வங்காள விரிகுடாவில் மூழ்கிற்று, உயிர்களும் போயின. 2013-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் நாள், சுதந்தர தினத்துக்கு முந்திய நாளில், மும்பைத் துறையில் நின்ற ‘சிந்துரக்ஷக்’ நீர்மூழ்கி வெடித்து 18 பேர் இறந்தார்கள். பிற நாடுகளிலும் இதுவே நிலை. 1963-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் அமெரிக்க நீர்மூழ்கி ‘திரெஷர்’ ஆழ்கடலில் 129 பேரோடு அழிந்தது. அந்நாடு உடனே ஒரு கடுமையான சோதனை முறையை வகுத்தது. நீர்மூழ்கியின் உடலில் உள்ள ஒவ்வொரு குழாயும் இணைப்பும் யார் செய்தது, யார் சோதித்தது என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அவ்விதிப்படி சான்று பெற்ற நீர்மூழ்கி எதுவும் அதன் பின் மூழ்கவில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்க்கும்போது நமக்குப் புலப்படுவது என்ன? கடலில் நேர்ந்த சாவை எண்ணியும் எழுதியும் ஆராய்ந்தும் வைத்த இடங்களில், பின்வந்த மாலுமிகள் பிழைத்தார்கள். பிடிங்டன் நாட்குறிப்புகளைப் படித்ததால் புயலின் வழி தெரிந்தது. ‘திரெஷர்’ அழிவை ஆராய்ந்ததால் குழாய்களின் பழுது தெரிந்தது. எங்கே கணக்கு எழுதப்படவில்லையோ அங்கே அதே சாவு மறுபடியும் நேர்ந்தது. கொதிகலன் அறையில் மாண்ட லாஸ்கர்களை எவரும் ஒவ்வொருவராக எண்ணாத வரையில், அந்த அறையிலிருந்து மேலே வர இன்னொரு வழி வேண்டும் என்று கேட்பார் யார்? பெயரை எழுதுவது இறந்தவனுக்குச் செய்யும் மரியாதை மட்டுமன்று. இருப்பவனுக்குச் செய்யும் காவலும் ஆகும்.

இறந்தவன் வீட்டாரையும் நாம் மறத்தல் கூடாது. நிலத்தில் இறந்தவனுக்கு ஒரு சமாதி உண்டு. கடலில் இறந்தவனுக்கு அதுவும் இல்லை. அவன் சென்றான், திரும்பவில்லை. சில்ஹெட் மாவட்டத்துச் சிற்றூரில் இருந்த தாய்க்கு, தன் மகன் எக்கடலில் வீழ்ந்தான் என்று எவர் சொல்லியிருப்பார்? கப்பல் ஒப்பந்தத் தாளில் அவன் பெயர் எழுதப்பட்டிருக்கலாம். அதுவும் எழுதிய குமாஸ்தாவின் காதுக்கு எட்டியபடி, பிழையோடு எழுதப்பட்டிருக்கும். தாய் அழைத்த பெயரும் தாளில் இருந்த பெயரும் ஒன்றாக இருந்திருக்குமா என்பதே ஐயம்.

காலம் சிறிது சிறிதாக இக்குறையைத் தீர்த்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில் கடலில் மாண்ட இந்தியக் கடற்படையினர், வணிகக் கப்பல் மாலுமிகள் ஆகிய சுமார் 6,500 பேரின் பெயர்கள் ஏடாகத் தொகுக்கப்பட்டன. ஒரு படி மும்பையிலும் மற்றொரு படி சிட்டகாங் போர்க் கல்லறைத் தோட்டத்திலும் வைக்கப்பட்டன. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் புதுதில்லியில் திறக்கப்பட்ட தேசிய போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் உயிர்நீத்த வீரர்களின் பெயர்கள் கருங்கல்லில் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே அதிகாரிக்கு ஒரு கல், மாலுமிக்கு ஒரு கல் என்ற வேற்றுமை இல்லை.

தமிழர்க்கு இது புதிய வழக்கமன்று. ஊர் ஆநிரையை மீட்கச் சென்று வீழ்ந்த வீரனுக்கு நம் முன்னோர் கல் நட்டார்கள். அவன் அரசனல்லன்; பெருஞ்செல்வனும் அல்லன். எனினும் அவன் பெயரையும், அவன் எந்த ஊருக்காக எப்படி வீழ்ந்தான் என்பதையும் அக்கல்லில் எழுதினார்கள். செங்கம் பகுதியிலும் தருமபுரிப் பகுதியிலும் கிடைத்த நடுகற்கள் இதற்குச் சான்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும், அவ்வீரர் சிலரின் பெயர்களை இன்று நாம் படிக்க முடிகிறது. நூறாண்டுகளுக்கு முன் மாண்ட 896 பேரின் பெயர்களை ஹேஸ்டிங்ஸ் தூணில் படிக்க முடியவில்லை.

கொல்கத்தாவுக்குச் செல்லும் தமிழர் பலர் காளிகட்டத்தையும் விக்டோரியா மண்டபத்தையும் காண்பார்கள். இனிச் செல்வோர் கிடர்பூர்ப் பாலம் வரை சென்று, அந்தத் தூணின் முன்பும் சிறிது நேரம் நிற்பார்களாக. அங்கிருந்து பார்த்தால் ஹூக்ளி ஆறு தெற்கே கடலை நோக்கிப் போவது தெரியும். அவ்வழியேதான் அவர்கள் சென்றார்கள். அடுத்த முறை நம் வீட்டுக் குழந்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்காரும்போது, “கப்பல் கவிழ்ந்துவிட்டதா?” என்று நாம் கேட்கத்தான் போகிறோம். அப்பொழுது அக்கப்பலின் அடித்தளத்தில் கரி அள்ளிக்கொண்டிருந்தவனையும் ஒரு கணம் நினைப்போமாக.